இரண்டாவது வாட்ச்

அன்புள்ள சார்,

போன மாதம் நீங்கள் எழுதிய மழைக்காலக் குறிப்பில், "பீரோவில் இருக்கும் வாட்ச்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுப்பேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கணக்கு எழுதுகிறேன். அப்பா ஊட்டி இந்து நகர் பிலிம் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். கையில் எப்போதும் எச்.எம்.டி. கம்பெனியின் ஜனதா வாட்ச். காலையில் காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் சாவி கொடுப்பார், அப்புறம்தான் செருப்பு மாட்டுவார். அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அம்மா அந்த வாட்சை வெற்றிலைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஓடவில்லை. மார்க்கெட்டில் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்து கட்டிக்கொண்டேன். அதே கடையில் பார்ட்ஸுக்காகக் கிடந்த, அதே கம்பெனியின் ஒரு கோஹினூரையும் வாங்கினேன். இப்போது 11 ஆகிவிட்டது. "ஒரு கைக்கு எத்தனைங்க?" என்று மனைவி கேட்கிறாள்.

மனிதர்களுக்கு இந்தப் பழக்கம் எப்படித்தான் ஆரம்பிக்கிறது? நான் அப்பாவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேனா? இது எங்கே போய் நிற்கும்?

எஸ்., குன்னூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் இன்னும் நீளம், நான்தான் சுருக்கிப் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் ஜனதாவுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். அந்தக் கோஹினூருக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. அப்பாவின் வாட்சை எந்தப் பிள்ளையும் சரிசெய்து கட்டிக்கொள்வான், அதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், நீங்களும் அதோடு நிறுத்தியிருக்கலாம். யாருடையது என்றே தெரியாத, ஓடாத, பார்ட்ஸுக்குக் கிடந்த ஒன்றை எதற்கு வாங்கினீர்கள்? அதை எழுதவே இல்லையே.

நானும் ரொம்ப நாள் என் கதையைத் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்ட லைன்வீட்டில் வளர்ந்தவன் நான். பக்கத்து வீட்டில் கண்டித் தாத்தா இருந்தார். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்புவதற்கான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 1964-ல் போட்டது, இவர் முறை வர எழுபதுகள் ஆகிவிட்டது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மிஷின், கையில் ஒரு ஸ்விஸ் வாட்ச், இவ்வளவுதான் கொண்டுவந்தது. சாயங்காலம் ஃபாக்டரி சங்கு ஊதியதும் திண்ணையில் உட்கார்ந்து வாட்சைக் கழற்றி என்னிடம் நீட்டுவார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து மெதுவாகத் திருக வேண்டும், முதலில் லேசாகப் போகும், பதினைந்து இருபது சுற்றுக்கு மேல் விரலில் ஒரு இறுக்கம் தெரியும். "அதோட விட்டுறு தம்பி, மிஷினே சொல்லுது பாரு" என்பார்.

யார் கேட்டாலும் இங்கேதான் ஆரம்பித்தது என்று சொல்வேன். கேட்பவர்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் எனக்கு ஒரு தம்பி உண்டு. அவனும் அதே திண்ணையில் உட்கார்ந்து, அதே வாட்சுக்கு, என்னைவிட அதிக நாள் சாவி கொடுத்தவன். இன்றைக்கு அவன் கையில் வாட்சே இல்லை, மணி பார்க்க போனை எடுக்கிறான். அப்போது அந்தத் திண்ணை மட்டும் காரணமாக இருக்க முடியாதே? சின்ன வயசில் யாரோ ஒருவர் கையில் பார்த்தது எல்லோருக்கும்தான் இருக்கிறது. அது விதையாக இருக்கலாம், முளைப்பதற்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

எனக்கு முளைத்தது நாற்பது வயசு நெருங்கும்போது. அதுவரைக்கும் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட, செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்தான். எங்கள் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் டைட்டனை ஆரம்பித்தார்கள், ஓசூரில் ஃபாக்டரி, அடுத்த சில வருஷங்களில் மாப்பிள்ளை வாட்ச் என்றாலே செல் போட்ட வாட்ச் என்று ஆகிவிட்டது. சாவி கொடுக்க வேண்டாம், மணி பிசகாது, பார்க்கவும் மெலிசாக அழகாக இருக்கும். எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது, ஆனாலும் ஜனங்கள் மனசில் அது சாவி கொடுக்கிற அப்பா வாட்சாகவே தங்கிவிட்டது. அதனால் வீட்டுக்கு வீடு பீரோவிலும் வெற்றிலைப் பெட்டியிலும் ஓடாத வாட்ச்கள் சேர்ந்தன. நம்மைப் போன்றவர்கள் மாதச் சம்பளத்தில் இந்தப் பைத்தியத்தைக் கட்டிக்கொண்டு அழ முடிகிறது என்றால் அதற்கு அந்த வெற்றிலைப் பெட்டிகள்தான் காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இரண்டாவது ஆள் நிற்க இடமில்லாத ஒரு கடையில், என் கல்யாண வாட்சுக்கு செல் மாற்றக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு எச்.எம்.டி. பைலட்டைக் குப்புறப் போட்டு, மூடியைக் கழற்றி வைத்து, ட்வீசரால் எதையோ மெல்லத் தள்ளினார். "வந்துடுச்சு" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் தலைமுடியை விட மெல்லிசாக ஒரு சுருள், சக்கரம் ஒரு பக்கம் போனால் விரிகிறது, திரும்பினால் சுருங்குகிறது. அங்கங்கே குன்றிமணிச் சிவப்பில் கற்கள். நொடிக்கு ஐந்து டிக் என்று அவர்தான் சொன்னார். ஒரு நாளைக்கு 4,32,000. அதில் இருபது செகண்ட் முன்னேபின்னே போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்களாம். 4,320-ல் ஒரு பங்கு பிசகு! நான் செய்கிற எந்தக் காரியத்திலும் பிசகு இவ்வளவு குறைவாக இருந்ததில்லை.

அதற்கு முன்னால் வாட்ச் என்றால் எனக்கு மணி காட்டுகிற டயல்தான். உள்ளே இப்படி ஒன்று ராத்திரி பகலாக ஆடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. கண்டித் தாத்தாவின் வாட்சுக்குள்ளேயும் இதுதான் இருந்திருக்கும், நான் திருகித் திருகி ஓடவைத்தது இதைத்தான். அப்போதுதான் அந்தத் திண்ணை எனக்கு ஞாபகத்துக்கே வந்தது. முன்னால் நடந்தது பின்னால்தான் காரணமாகிறது, என்ன செய்ய.

350 ரூபாய் கொடுத்து அந்தப் பைலட்டை வாங்கிவிட்டேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. தொட்டபெட்டா ஜங்ஷன் தாண்டி கட்டபெட்டு வரும்வரை பஸ்ஸில் அதைக் காதில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "இது ஏது?" நான் சொன்னேன், "சும்மா கொடுத்தாங்க, நூறு ரூபா."

எஸ்., ஆரம்பம் என்று ஏதாவது இருந்தால் அந்தப் பொய்தான். முதல் வாட்சுக்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டாவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது, என்னிடம் காரணம் இல்லை, அதனால் விலையைக் குறைத்தேன். எனக்குத் தெரிந்த வாட்ச்காரர்கள் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருவர் பாக்கியில்லாமல் வீட்டில் விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கோஹினூருக்கு எவ்வளவு சொன்னீர்கள்?

அப்பாவைத் தேடுகிறீர்களா என்ற கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியாது. ஜனதாவில் வேண்டுமானால் அப்பா இருக்கிறார். உங்கள் அப்பா வேலை பார்த்த பிலிம் ஃபாக்டரியில் 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. எச்.எம்.டி. பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து வாட்ச் செய்ய ஆரம்பித்தது 1961-ல். இரண்டும் அரசாங்கம் நடத்தியது, இரண்டையும் வெளியிலிருந்து வந்த புதுசு ஒன்று தள்ளிவிட்டது, பிலிமை டிஜிட்டல், சாவியை செல். உங்கள் அப்பா இரண்டின் முடிவையும் பார்த்திருப்பார். அவர் கையில் கிடந்த வாட்ச் என்றால் உங்களுக்கு அதில் ஆயிரம் இருக்கும். ஆனால் மீதிப் பத்து? அது யாரோ ஒருவர் கையில் கிடந்தது.

என் பைலட்டை மூன்று வருஷம் கழித்து சர்வீஸுக்குத் திறந்தபோது, அதே கடைக்காரர் பின்மூடியை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உள்பக்கம் ஊசியால் கீறிய மாதிரி பொடி எழுத்துகள். ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்யும்போதும் ரிப்பேர்காரர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் அப்படிக் கீறி வைப்பார்களாம். அதில் நாலு கை தெரிந்தது. ஒரு கை 1979, இன்னொரு கை 1983-ல் இரண்டு முறை, அப்புறம் ஒன்று 1988. நாலாவது இவருடையது. ஒரே வருஷத்தில் ஏன் இரண்டு முறை திறந்தார்கள்? தண்ணீரில் விழுந்ததா, பஸ்ஸில் இடித்துக்கொண்டாரா? 1988-க்கு அப்புறம் யாருமே திறக்கவில்லையே, அந்த மனிதர் செல் வாட்சுக்கு மாறிவிட்டாரா, ஆளே போய்விட்டாரா? எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த மாதம் இன்னொன்று வாங்கினேன், டயலைக் கூட சரியாகப் பார்க்கவில்லை, மூடியைத் திறக்கச் சொன்னேன்.

நஷ்டமும் பட்டிருக்கிறேன். 2014-ல் எச்.எம்.டி.யை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கினார்கள், விலை தாறுமாறாக ஏறியது. 2016 ஜனவரியில் அரசாங்கமே மூட ஒப்புதல் கொடுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் ஆன்லைனில் படத்தைப் பார்த்து, பளபளவென்று இருக்கிறதே என்று ஒரு பைலட் வாங்கினேன். கைக்கு வந்த பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் மை கசிந்த மாதிரி இருக்கிறது, நிமிஷக் கோடுகள் எண்களோடு ஒட்டவில்லை. பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதுசாகப் பெயின்ட் அடித்த சரக்கு. ஐம்பது வருஷ வாட்சுக்கு டயல் மட்டும் நேற்றுப் பூத்த மாதிரி இருந்தால் நம்பாதீர்கள். முதலீடு என்று சொல்லி வாங்கச் சொல்கிறவர்களையும் பக்கத்தில் விடாதீர்கள், அவர்கள் சாவியே கொடுக்க மாட்டார்கள், உறை பிரிக்காமல் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, நம்ம ஊருக்கென்றே உள்ள தொல்லை. ஒருமுறை மே மாதம் கோயம்புத்தூரில் ஒரு வாட்சை சர்வீஸ் செய்து வாங்கிக்கொண்டு வந்தேன். மேட்டுப்பாளையத்தில் சுத்தமாக இருந்தது. பர்லியார் தாண்டி வளைவு ஏற ஏற, குன்னூர் வரும்போது கண்ணாடிக்குள் ஆவி பிடித்து முள்ளே தெரியவில்லை. ஊட்டிக் கடைக்காரரிடம் காட்டினேன். "கீழ்க் காத்தை உள்ளே வெச்சு மூடிட்டாங்க சார்" என்றார். சூடான ஈரக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் குளிருக்கு வந்ததும் கண்ணாடியில் தண்ணீராகப் படியும், அப்படியே விட்டால் துரு. இங்கே திறப்பதை இங்கேயே, காய்ந்த நாளாகப் பார்த்துத் திறந்து மூடுவதுதான் நல்லது என்றார். அப்பாவின் ஜனதாவைக் கீழே கொண்டுபோகாதீர்கள்.

எங்கே நிற்கும் என்று கேட்டீர்கள். என்னிடம் ஒரு காலத்தில் 40-க்கு மேல் இருந்தது. எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். சர்வீஸ் இல்லாமல் சும்மா ஓட்டினால் எண்ணெய் காய்ந்து சக்கரம் தேயும், 40-க்கும் சர்வீஸ் செய்ய வசதி இல்லை, பாதியைக் கொடுத்துவிட்டேன். இப்போது 19. கட்டுவது நாலைத்தான். தம்பிக்கு ஒன்று கொடுத்துப் பார்த்தேன், ஒரு வாரம் கட்டினான், இப்போது அவன் டி.வி. பக்கத்தில் நின்றுபோய்க் கிடக்கிறது. மனைவியிடம் அந்த 350 ரூபாய் விஷயத்தைப் போன வருஷம்தான் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியுமாம்.

ஒரு உதவி செய்யுங்கள். மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்ததும் கோஹினூரை மார்க்கெட்டுக்கு எடுத்துப்போய்ப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே என்ன கீறியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், தேதி இருந்தால் தேதியோடு.