வாசகர் கேள்வி பதில்: டார்ட்டின் மேல் உறையாத பளபளப்பு

கேள்வி: தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்காகப் பழ டார்ட் செய்து, கடையில் விற்பதைப் போல மினுமினுக்க வேண்டும் என்று மேலே ஜெலட்டின் கரைசலைப் பூசினேன். திராட்சை வைத்தவை நன்றாக இருந்தன. ஆனால், அப்போதே நறுக்கிய அன்னாசியும் கிவியும் வைத்தவற்றில் அது உறையவே இல்லை. விருந்தினர் வரும் நேரத்தில் தட்டெல்லாம் தண்ணீராக நின்றது. அளவில் தவறு செய்துவிட்டேனா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அளவு சரிதான், தவறு சேர்க்கையில் இருக்கிறது. அன்னாசியில் புரோமலைன், கிவியில் ஆக்டினிடின் என்று புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. ஜெலட்டினும் ஒரு புரதம் என்பதால், நீங்கள் எவ்வளவு கூட்டிப் போட்டாலும் அவை அதை இறுக விடுவதில்லை. ஆட்டிறைச்சி சீக்கிரம் மெத்தென்று வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அந்தக் காயின் பப்பேன் செய்வதும் இதே வேலைதான். சூடு பட்டால் இந்த நொதிகள் செயலிழந்துவிடும். டின் அன்னாசியில் உங்களுக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது.

எனினும் டின்னுக்கு மாறுவதைவிட ஜெலட்டினைக் கைவிடுவதே நல்லது என்பேன். நம் ஊர் மதிய வெயிலில் அது எளிதாக இளகிவிடும். மேலும், அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவதால், சைவ உறவினரும் முஸ்லிம் அண்டை வீட்டாரும் வந்து அமரும் மேசையில் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது. அது புரதமன்று என்பதால் அன்னாசி அதை ஒன்றும் செய்யாது.

200 மில்லிலிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அகார் அகார் தூளையும் 2 மேசைக்கரண்டிச் சர்க்கரையையும் கலந்து, கிளறியபடியே 2 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். வெறும் சூட்டில் தூள் கரையாது. இறக்கிய பிறகே 2 மேசைக்கரண்டி வடிகட்டிய ஆரஞ்சுச் சாற்றைச் சேர்க்க வேண்டும், ஏனெனில் புளிப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் அகாரின் இறுக்கம் குறையும். இது 40 பாகைக்குக் கீழே இறங்கும்போதே உறையத் தொடங்கிவிடும் என்பதால் சூட்டோடு பூசுங்கள். பாத்திரத்திலேயே இறுகிவிட்டால் பதற வேண்டாம், மீண்டும் கொதிக்க வைத்தால் இளகும். உறைந்தபின் நம் வெயிலுக்கு அது அசையாது.

பத்துப் பன்னிரண்டு டார்ட்டுகள்தான் என்றால் நான் அகாரைக்கூடத் தேடமாட்டேன். ஏப்ரிகாட் ஜாம் 4 மேசைக்கரண்டியுடன் 1 மேசைக்கரண்டித் தண்ணீர் விட்டு, இளந்தீயில் இளக்கி வடிகட்டினால் போதும். கரண்டியின் முதுகில் படிந்ததை விரலால் கோடிட்டுப் பாருங்கள். கோடு மூடிக்கொண்டால் இன்னும் சற்றுக் காய்ச்ச வேண்டும். சிவப்புப் பழங்களுக்கு ஸ்ட்ராபெர்ரி ஜாம் பொருந்தும், கிவியின் மேல் அது அழுக்காகத் தெரியும்.

இரண்டில் எதைச் செய்தாலும், நறுக்கிய பழத்தின் ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்த பிறகே பூசுங்கள். ஈரத்தின் மேல் எதுவும் ஒட்டாது. பூசும்போது தூரிகையைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வையுங்கள். பழைய தூரிகை என்றால் முதலில் இழுத்துப் பாருங்கள். ஒருமுறை என் டார்ட்டில் பழத்தைவிடத் தூரிகை மயிரே அதிகமாக மின்னியது.

கேள்வி: காலையில் செய்த டார்ட்டின் அடி மாலைக்குள் நமுத்துவிடுகிறதே, என்ன செய்வது?
– வாசகர், பீடோர்

பதில்: ஆறிய மாவுக் கிண்ணத்தின் உட்புறத்தில், கஸ்டர்டு இடுவதற்கு முன், அதே ஜாம் பூச்சை மெல்லியதாகத் தடவி 10 நிமிடம் விட்டுவிடுங்கள். ஈரம் மாவுக்குள் இறங்குவது வெகுவாகக் குறையும்.