ஆச்சியைக் கேட்டீர்களா?

அன்புள்ள அண்ணாச்சி,

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா காலமாகிவிட்டார். அவரைப் பெற்ற ஆச்சிக்கு 84 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறாள். எல்லாம் அம்மாதான் பார்க்கிறாள். போன மாதம் கோயில் கொடைக்கு எல்லோரும் வந்திருந்தபோது பெரியப்பா பேச்சை எடுத்தார். "கெடந்து சீப்படுதா. ஒரு நாளு பாத்து தலைக்கு ஊத்திருவோம்" என்றார். அத்தைகள் மறுத்துப் பேசவில்லை. அம்மா எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கண்ணியமாகச் சாவதும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருப்பதாகப் படித்தேன். அப்படியானால் இதை மட்டும் ஏன் கொலை என்கிறார்கள்? ஆச்சிக்கு இனி என்ன வாழ்வு இருக்கிறது?

மு.

அன்புள்ள தம்பி,

கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசிவிட்டோம். உங்கள் சம்மதத்தோடு இப்போது இங்கே போடுகிறேன். இதே கேள்வி தொண்டையில் நிற்கிற வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கிடையில் விழுந்த முதியவரை விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துச் சாகவைப்பதைத்தான் தலைக்கு ஊற்றுவது என்பார்கள். பத்திரிகைகளில் தலைக்கூத்தல் என்று எழுதுவார்கள். விருதுநகர், மதுரைப் பக்கம் அதிகம் பேசப்படுவது. நம்மிடமும் உண்டு.

எனக்குப் பதினோரு வயதில் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு ஊற்றினார்கள். வாதம் விழுந்து தார்சாவில் நார்க்கட்டிலில் கிடந்தவர். மார்கழி மாதம், இருட்டு விலகவில்லை. நல்லெண்ணெய் வாசம் எங்கள் திண்ணை வரைக்கும் வந்தது. மகன்கள் இரண்டு பேரும் அவரை முற்றத்தில் மணையில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். மருமகள் துடைத்துவிடுவதைத் தவிர, மாதக்கணக்கில் அந்த உடம்பை வேறு யாரும் தொட்டதில்லை. பெரிய மகனின் கை உச்சியில் பட்டதும் தாத்தா கண்ணை மூடிச் சிரித்தார். வாய் கோணியபடியே, "என்னல, இன்னைக்குத் தீவாளியா?" என்று கேட்டார். சின்னவர் அங்கணத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பெரியவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் ராத்திரி முழுக்க அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூச்சு இழுக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது. விடிந்ததும், "நல்ல சாவு" என்றார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவன் நான். அது நல்ல சாவு இல்லை தம்பி. சாகவேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. அவருக்குப் பிடித்திருந்தது மகனின் கை தலையில் பட்டதுதான்.

சட்டத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு சிறியது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எந்த நபரின் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. 'குடிமகன்' என்றுகூட அதில் இல்லை, 'நபர்' என்றே இருக்கிறது. அந்த நபருக்கு எத்தனை வயது, அவரால் வீட்டுக்கு என்ன பிரயோசனம் என்றெல்லாம் அது விசாரிக்கவில்லை. அரசிடமிருந்து உயிரைக் காக்க அந்தப் பிரிவு. சொந்தக்காரரிடமிருந்து காக்கக் கொலைச் சட்டம். குடும்பமே கூடி முடிவெடுத்தாலும் அதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. சாகிறவரே சம்மதித்தாலும் கொன்றவர் குற்றவாளிதான். தண்டனையின் அளவுதான் மாறும்.

நீங்கள் படித்த தீர்ப்பு 2018 மார்ச் 9 அன்று வந்தது. தீபக் மிஸ்ரா தலைமையில் ஐந்து நீதிபதிகள். தேறவே வழியில்லாத நோயாளிக்கு, உயிரை இழுத்துப் பிடித்திருக்கிற சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்றார்கள். தனக்கு அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். 2023இல் நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகளும் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும். எழுதிவைக்காதவர் விஷயத்தில் உறவினர் சம்மதம் கேட்பார்கள், ஆனால் மருத்துவர் குழுக்கள் இரண்டு பார்த்தாகவேண்டும். சாவை வரவழைக்க மருந்து கொடுப்பதைக்கூட அந்தத் தீர்ப்பு அனுமதிக்கவில்லை. உங்கள் ஆச்சிக்கு மெஷினும் இல்லை, மூக்கில் குழாயும் இல்லை. கஞ்சி குடிக்கிறாள், பேசுகிறாள், உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தத் தீர்ப்புக்கும் பெரியப்பா சொல்வதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அருணா ஷான்பாக் வழக்கையும் நினைத்துப் பாருங்கள். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்து, 2015இல் இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். அவரைச் சாகவிடச் சொல்லி ஒரு பத்திரிகையாளர் மனுப் போட்டார். அந்த மருத்துவமனை நர்ஸ்கள் முடியாது என்றார்கள். 2011இல் நீதிமன்றம், வருடக்கணக்காக அவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கே அவர் சார்பாகப் பேசும் பாத்தியதை உண்டு என்றது. உங்கள் வீட்டில் பீ மூத்திரம் அள்ளுகிறவள் அம்மா. தீர்ப்புச் சொன்னவர்களோ கொடைக்கு வந்து மறுநாள் பஸ் ஏறியவர்கள். கருணை என்கிற சொல்லை அவர்கள் இவ்வளவு சுலபமாக எடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் உங்கள் அம்மா ஏழு மாதமாக ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கியிருக்கமாட்டாள். அதைப் பேசாமல் வாழ்வுரிமை பற்றி மட்டும் நான் பேசினால் அது அநியாயம். போனில் சொன்னதை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. கிடையாய்க் கிடப்பவர்களுக்கு வலி தணிக்கவும் பிசியோதெரபி கொடுக்கவும் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பெயர் பதியவேண்டும். எண்பது தாண்டியவர்களுக்கும் இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்கிறார்கள். "வயசாயிட்டு, வேண்டாம்" என்று முதலில் சொன்னது டாக்டரா, பெரியப்பாவா? எலும்பு டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க ஏர் பெட் வாங்குங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவையுங்கள். பெரியப்பாவும் அத்தைகளும் முறைபோட்டு வரட்டும், வராதவர்கள் பணம் கொடுக்கட்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் வருடச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கும்படி உத்தரவு வாங்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

இத்தனைக்கும் முன்னால், "ஆச்சியைக் கேட்டீர்களா?" என்று அன்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேணும் ஆச்சி என்று கேட்டிருக்கிறீர்கள். "இந்த ரூமுக்குள்ள மூச்சு முட்டுது. கட்டில தூக்கிப் புறவாசல்ல போடுல, வேப்பங்காத்து வரும்" என்றாளாம்.

போடுங்கள். மத்தியானத்துக்கு மேல் மேற்கு வெயில் ஏறும், நிழல் பார்த்துப் போடுங்கள்.