மூன்று பெயர், ஒரே பாராசிட்டமால்

கேள்வி: கணவருக்கு 54 வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், சளி, உடம்புவலி. டாக்டர் டோலோ 650 மூன்று வேளை எழுதினார். வலி விடவில்லை என்று மெடிக்கலில் சொன்னதும் காலை, இரவுக்கு காம்பிஃப்ளாம் கொடுத்தார்கள். சளிக்குத் தனியாக ஒரு மாத்திரை, அதுவும் மூன்று வேளை. மூன்றும் வேறு வேறுதானே, சேர்த்துப் போடலாமா? அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் பொடி எழுத்தில் உள்ள உட்பொருளைப் படியுங்கள். டோலோவில் பாராசிட்டமால் 650 மில்லிகிராம். காம்பிஃப்ளாமில் இபுபுரூஃபன் 400, கூடவே பாராசிட்டமால் 325. சளி மாத்திரையில் தும்மலுக்கு குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், அதோடு பாராசிட்டமால் 500. ஒரு நாள் கணக்கைக் கூட்டினால் 1,950 + 650 + 1,500 = 4,100. பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 4,000 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால், ஆள் ரொம்ப மெலிந்தவர் என்றால், அதற்கும் குறைவு.

"பாராசிட்டமால்தானே, என்ன செய்துவிடும்?" என்பார்கள். காய்ச்சலின்போது மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கூடி, உடம்பின் சூட்டு அளவை ஏற்றி வைக்கிறது. பாராசிட்டமால் அதைக் குறைக்கிறது, சூடு இறங்குகிறது. வேலை முடிந்த மருந்தைக் கல்லீரல் பக்குவப்படுத்திச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஆனால் அதில் சிறு பங்கு நச்சாக மாறும். குளுடாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் முறித்துவிடுவதால் சாதாரண அளவில் பயமில்லை. அளவு மீறினால் குளுடாதயோன் தீர்ந்துபோகும், நச்சு கல்லீரலையே அரிக்கும். முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடலாம் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது.

இபுபுரூஃபன் கதை வேறு. அது உடம்பு முழுக்க புரோஸ்டாகிளாண்டினை மட்டுப்படுத்தும். வீக்கமும் வலியும் குறைவது அதனால்தான். ஆனால் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். வெறும் வயிற்றில் போட்டால் எரிவது சும்மா இல்லை. ரத்தம் உறைவதையும் இபுபுரூஃபன் தடுப்பதால், ரத்தக்கசிவு ஆபத்துள்ள டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்கு அதன் பக்கமே போகக் கூடாது. காய்ச்சல் என்று சொல்லியும் அதை எடுத்து நீட்டிய கடைக்காரரை என்ன சொல்வது! உங்கள் வீட்டுக்காரருக்கு பிபி இருந்தால் ஃபினைலெஃப்ரினும் ஆகாது.

ஆக, காம்பிஃப்ளாமையும் சளி மாத்திரையையும் இப்போதே நிறுத்துங்கள். அடுத்த வேளை டோலோவுக்கு முன்பே, இன்றைக்கே, மூன்று அட்டைகளையும் டாக்டரிடம் காட்டி, எத்தனை நாள், எத்தனை மாத்திரை போட்டார் என்று சொல்லுங்கள். மூன்று நாளாகியும் விடாத காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் "காய்ச்சலுக்கு ஒரு செட்" என்றால் நாலைந்து மாத்திரைகளைத் துண்டு வெட்டிக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். தேதியும் இல்லை, பெயரும் இல்லை. கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.
– வாசகர், பழனி

பதில்: சுளிக்கட்டும். பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள், மேலே சொன்ன கூட்டல் கணக்கைக்கூடப் போட முடியாது. நாலு மாத்திரை போதும் என்றால், வெட்டும் முன் முழு அட்டையை வாங்கிப் பெயரும் காலாவதித் தேதியும் தெரிய போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் பேட்ச் எண்ணும் போடச் சொல்லுங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு கியூஆர் குறியீடு கட்டாயம். டோலோ, கால்பால் எல்லாம் அதில் உண்டு. ஸ்கேன் செய்தால் உட்பொருள் பெயரும் தேதியும் தெரியும். அட்டையைக் கண்ணிலேயே காட்ட மறுத்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.