சமூகப்பணி: வாசகர் கேள்விகள்

லண்டனில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். 70 நாள் களப்பயிற்சியில் பாதி முடிந்தது. ‘தன்னம்பிக்கை போதாது, பேச்சில் தெளிவில்லை’ என்று இடைக்கால அறிக்கையில் என் பயிற்றுநர் எழுதியிருக்கிறார். கூடப் பயிலும் வெள்ளையின மாணவி என்னைவிடக் குறைவாகவே பேசுவார். அவருக்கு இப்படி எதுவும் இல்லை. இனப்பாகுபாடு என்று சொன்னால் பெயிலாக்கி விடுவார்களா?
— வாசகி, ஹாரோ

முதல் வேலை, அந்த வரிகளுக்கு ஆதாரம் கேட்பது. எந்தத் தேதியில், எந்தச் சந்திப்பில், சமூகப்பணியாளரை மதிப்பிடப் பயன்படும் திறன் கட்டமைப்பின் (பி.சி.எஃப்.) 9 பிரிவுகளில் எதில் குறை? மின்னஞ்சலில் கேளுங்கள். உச்சரிப்பு வேறாக இருப்பதும் பேச்சு புரியாமல் போவதும் ஒன்றல்ல. எந்தக் குடும்பமாவது புரியவில்லை என்று சொன்னதா? சொல்லவில்லை என்றால் அந்த வரி அறிக்கையில் நிற்கக் கூடாது. நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்த்து மதிப்பிடும் நேரடிக் கண்காணிப்பு ஒன்றை வேறொரு மதிப்பீட்டாளர் செய்யட்டும் என்றும் கேட்கலாம்.

அன்றன்றே குறிப்பெழுதுங்கள்: தேதி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தவர். உங்கள் ஊகத்தை அதில் கலக்க வேண்டாம். குடும்பங்களின் பெயரையும் எழுத வேண்டாம். ரகசியம் காக்கவில்லை என்று உங்கள் மேலேயே வழக்கு திரும்பிவிடும்.

பலர் சறுக்குவது காலத்தில்தான். இறுதி அறிக்கை வரும்வரை பொறுத்திருந்து பிறகு புகார் செய்தால், ‘தோற்றதால் சொல்கிறார்’ என்று தள்ளிவிடுவது சுலபம். இந்த வாரமே பல்கலைக்கழக ஆசிரியரையும் வைத்து முத்தரப்புக் கூட்டம் கேளுங்கள். ‘இது கல்வி சார்ந்த மதிப்பீடு, கேள்வி கேட்க முடியாது’ என்பார்கள். மதிப்பெண்ணைக் கேள்வி கேட்க முடியாதுதான். நடைமுறையையும் பாரபட்சத்தையும் கேட்கலாம். கோபத்தில் நீங்களாகக் களத்தை விட்டு வெளியேறாதீர்கள். முதல் களப்பயிற்சி 70, இரண்டாவது 100, அதோடு திறன் பயிற்சி 30 என்று 200 நாள் கணக்கு இருக்கிறது. விட்ட நாளை ஈடுகட்ட வேண்டியது நீங்கள்தான்.

பல்கலைக்கழகத்தின் உள்விசாரணை முடிந்ததற்கான கடிதம் கிடைத்தால், 12 மாதத்துக்குள் ஓ.ஐ.ஏ. என்ற, மாணவர் புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அமைப்புக்கு எழுதலாம். பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட கவுன்டி நீதிமன்றம் (உரிமையியல் நீதிமன்றம்) போக, பொதுவாக சம்பவத்திலிருந்து 6 மாதமே அவகாசம். உள்விசாரணை இழுக்க இழுக்க அது கரைந்துவிடும் என்பதை யாரும் உங்களுக்கு நினைவூட்டப் போவதில்லை. புகார் செய்ததற்காகப் பழிவாங்குவது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் தனிக் குற்றச்சாட்டாகவே வருகிறது. ஆகவே புகாரை எழுத்தில் கொடுங்கள். அதில் ‘இனப்பாகுபாடு’ என்ற சொல்லும் இருக்கட்டும்.

சிறுவர் நலப் பிரிவில் வேலை செய்கிறேன். ‘உங்களுக்குத்தான் பண்பாடு தெரியும்’ என்று எல்லாத் தமிழ்க் குடும்பங்களையும் என்னிடமே தள்ளுகிறார்கள். மறுப்பது சரியா?
— வாசகர், ஈஸ்ட் ஹாம்

மறுக்கலாம், காரணத்தோடு. நிறத்தைப் பார்த்து வேலையைப் பிரிப்பதும் பாகுபாடே, பாராட்டுப் போலச் சொன்னாலும். அதோடு ‘பண்பாடு’ என்ற சொல் குழந்தையை மறைத்துவிடும். ஐவரி கோஸ்ட்டிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட விக்டோரியா கிளிம்பியே 2000 பிப்ரவரியில் 8 வயதில் சித்திரவதையால் இறந்தாள். அழைத்துவந்த உறவுக்காரப் பெண்ணின் முன்னால் அவள் விறைப்பாக நின்றதை, கறுப்பினக் குடும்பங்களில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று சமூகப்பணியாளர் எடுத்துக்கொண்டார். தங்கள் வீட்டில் அவள் அப்படி நின்றதில்லை என்பதைப் பெற்றோரின் சாட்சியம் காட்டியது. அவள் மரணம் பற்றிய பொது விசாரணையின் முடிவாக 2003இல் வந்த லேமிங் அறிக்கை, காப்பாற்றியிருக்கக்கூடிய 12 வாய்ப்புகளைப் பட்டியலிட்டது. இனவாதம் எப்போதும் கடுமையாகவே வராது. கண்டுகொள்ளாமல் விடுவதாகவும் வரும்.

கோப்பில் ‘அடக்கமான தமிழ்த் தாய்’ என்று எழுதாதீர்கள். ‘கணவர் அறையில் இருந்தபோது மூன்று கேள்விக்கும் அவரே பதில் சொன்னார், தனியே கேட்டபோது மனைவி பேசினார்’ என்று எழுதுங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளையையோ உறவினரையோ உட்கார வைக்காதீர்கள். மற்றவர்கள் பார்க்கும் குடும்பங்களுக்கு நீங்கள் மொழிபெயர்ப்பாளராகப் போவதும் வேண்டாம், அதற்கு ஆள் அமர்த்தச் சொல்லுங்கள். மேலாளரிடம் பேசும்போது உங்களிடம் உள்ள மொத்தக் குடும்பங்கள் எத்தனை, அதில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை, சக ஊழியர் ஒவ்வொருவரிடமும் எத்தனை என்று மூன்றையும் எழுதிக் கொண்டுபோங்கள்.