பல்கலைக்கழகத்தின் சமூக ஊடகப் பக்கங்களை நடத்தும் பொறுப்பு வந்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் பக்கத்தைத் தொடங்கியது ஒரு மாணவரோ தற்காலிகப் பணியாளரோதான். அவர் போன பிறகும் ஓடிபி அவருடைய கைபேசிக்கே போகும். அலுவலகப் பெயரில் ஒரு சிம், பதவியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வாங்கி எல்லாக் கணக்குகளையும் அதற்கு மாற்றுங்கள். ஃபேஸ்புக் பக்கத்தைத் தனிநபர் கணக்கு வழியாகத்தான் நிர்வகிக்க முடியும். ஆகவே நிரந்தரப் பணியாளர் இருவருக்காவது முழு அனுமதி இருக்கட்டும். எக்ஸ் தளத்தில் 2023 மார்ச் முதல் கட்டணம் கட்டாத கணக்குகளுக்கு எஸ்எம்எஸ் வழி இரட்டைச் சரிபார்ப்பு கிடையாது. அதற்கான செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) கணக்கையே ஹேக் செய்து, என்எஃப்டி எனும் டிஜிட்டல் சொத்துக்கு விளம்பரம் போட்டார்கள்.

அடுத்தது தேர்வு அறிவிப்பு. அதிகம் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் உங்கள் பதிவை மாணவர்கள் சுற்றறிக்கையாகவே எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். பல்கலைக்கழகத் தேர்வைத் தள்ளிவைப்பவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். "நாளை விடுமுறை" என்று மட்டும் போட்டுவிட்டு, தேர்வு உண்டா இல்லையா என்று சொல்லாமல் விட்டால், வெளியூர் மாணவர் வராமலே தேர்வைத் தவறவிடுவார். கையெழுத்தான உத்தரவு வரும்வரை பொறுங்கள். அதை முதலில் இணையதளத்தில் ஏற்றி, அந்த இணைப்போடு பதிவிடுங்கள். எந்த நாள், எந்தப் படிப்பு, எந்த செமஸ்டர், இணைப்புக் கல்லூரிகளுக்கும் பொருந்துமா என்பதெல்லாம் எழுத்தாகவே பதிவில் இருக்க வேண்டும். வெறும் படமாகப் போட்டால், தேதியை மாற்றி அடுத்த மழையில் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற மாணவருக்கும் எதுவும் எட்டாது.

போலிச் சுற்றறிக்கை பரவினால் அதன் படத்தை அப்படியே பகிராதீர்கள். சரியான செய்தியை முதல் வரியில் சொல்லுங்கள். படம் அவசியமானால் குறுக்கே "போலி" என்று பெரிதாகப் போடுங்கள். தவறு உங்கள் பதிவிலேயே இருந்தால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். நேரம் குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிடுங்கள்.

முடிவுகள் வரும் நாளில் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் கமெண்டில் எழுதுவார்கள். அந்த இரண்டும் இருந்தால் பல தளங்களில் யாரும் மதிப்பெண்ணைத் திறந்து பார்க்கலாம். உடனே மறைத்துவிட்டு, தேர்வுப் பிரிவின் மின்னஞ்சலைக் கொடுங்கள். ராகிங் புகார் வந்தால் பொதுவெளியில் விவரம் கேட்காமல் தேசிய ராகிங் தடுப்பு உதவி எண்ணான 1800-180-5522-ஐக் கொடுத்து, உங்கள் ராகிங் தடுப்புக் குழுவுக்கும் தெரிவியுங்கள். தற்கொலை எண்ணம் தெரியும் வரிகளுக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐக் கொடுங்கள். கூடவே விடுதிக் காப்பாளருக்கு அந்த நிமிடமே போன். இரவில் இதை யார் பார்ப்பார் என்பது முன்பே எழுத்தில் முடிவாகியிருக்க வேண்டும். விமர்சனத்தை நீக்காதீர்கள். வசவு, சாதி இழிசொல், தனிப்பட்ட விவரம் ஆகியவற்றை மட்டும் நீக்குங்கள், அந்த விதியைப் பக்கத்திலேயே போட்டு வையுங்கள்.

முதலாண்டு மாணவர் பலருக்கு 17 வயதுதான். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவரைக் குழந்தையாகவே கொண்டு பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. அவர்களுடைய படத்துக்குச் சேர்க்கையின்போதே படிவத்தில் ஒப்புதல் வாங்கிவிடலாம்.

வளாகத்தில் மரணம் நேர்ந்தால் முதல் வேலை, தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்திருக்கும் பதிவுகளை நிறுத்துவது. குடும்பத்துக்குத் தகவல் போகும்வரை பெயர் வேண்டாம். காரணத்தை ஊகிக்கவும் வேண்டாம்.