இரவில் ‘விட்டுடு’ என்கிறார், காலையில் கண்ணாடி கேட்கிறார்

கேள்வி: என் கணவருக்கு வயது 64. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம், வலியில்லாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நள்ளிரவு தாண்டியதும் எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி, “போதும், என்னை விட்டுடு. ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லு” என்று என் கையைப் பிடித்து அழுகிறார். விடிந்ததும், பேப்பரில் எழுத்து தெரியவில்லை, புதுக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார். எதை நம்புவது? மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொடங்கினால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நாத்தனார் சொல்வதால், தாங்க முடியாதபோது மட்டும் கொடுக்கிறேன். நோயின் பெயரை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. சில இரவுகளில், இவர் போய்விட்டால் தேவலை என்று எனக்கே தோன்றிவிடுகிறது. நான் பாவியா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இரண்டையும் நம்புங்கள். இரவில் அழுபவரும் காலையில் கண்ணாடி கேட்பவரும் ஒருவரேதான். இரண்டு வேளையும் அவர் மனத்தில் உள்ளதைத்தான் சொல்கிறார். இறுதி நிலை நோயாளிகளிடம் வாழும் ஆசை ஒரே அளவில் நிற்பதில்லை என்பதை அவர்களைப் பராமரிக்கும் மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டுவருகிறார்கள். கனடாவின் வின்னிபெக் நகரத்து மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவும் அவருடைய குழுவினரும் 168 புற்றுநோயாளிகளிடம், வாழ வேண்டும் என்ற விருப்பம் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று நாளுக்கு இரண்டு முறை கேட்டு, 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டில் குறிக்கச் சொன்னார்கள். 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த அந்த ஆய்வில், சாதாரண நாட்களில் அந்தக் குறி அதிகம் நகரவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் 12 மணி நேரத்துக்குள் ஏற்பட்ட மிகப் பெரிய மாற்றத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், அது சராசரியாக 30 மில்லிமீட்டருக்கும் மேல் இருந்தது. உங்கள் வீட்டில் இரவுக்கும் காலைக்கும் இடையே நடப்பதும் அதுதான். அந்த விருப்பத்தைக் கீழே இழுத்தவை எவை என்றும் பார்த்தார்கள்: தொடக்கத்தில் பதற்றம், பிறகு மனச்சோர்வு, மரணம் நெருங்கும்போது மூச்சுத்திணறல்.

ஆகவே, “விட்டுடு” என்ற சொல்லை அவர் எடுத்துவிட்ட முடிவாகக் கொள்வதற்கு முன், அந்த நேரத்தில் அவர் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் நிற்கும். வலி உச்சிக்கு ஏறும்வரை பொறுத்திருந்து பிறகு கொடுத்தால், மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்குள் அவர் படாத பாடு பட்டுவிடுவார். அடுத்த மாத்திரை எப்போது கிடைக்கும் என்ற பயம் அதற்குமேல் ஒரு வலியாகச் சேரும். வலி மருந்தைக் கேட்கும்போது மட்டும் கொடுக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வலியுறுத்தியது. படுக்கப் போகும்போது கொடுக்கும் அளவைச் சற்றுக் கூட்டி, நடு இரவில் எழுப்பாமல் தூங்க விடுவதும் மருத்துவர்கள் வழக்கமாகச் செய்வதே. நீங்களாக அளவை மாற்ற வேண்டாம். ஒரு வாரத்துக்கு, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்து உட்கார்ந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்த நோட்டு அவருக்கு அதிகம் உதவும்.

நாத்தனாரின் அச்சம் புதிதல்ல. சாகப்போகிறவருக்குத்தான் மார்ஃபின் என்ற எண்ணம், படித்தவர்கள் வீட்டிலும் இருக்கிறது. சரியான அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. வலிக்காக இப்படி முறையாகக் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவதும் அரிது. நிச்சயம் வரும் தொல்லை மலச்சிக்கல். அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருந்து பெரும்பாலும் தணிந்துவிடும். நாத்தனாரிடம் இன்னொன்றையும் சொல்லலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், உங்கள் கணவரைப் போல் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2010இல் முடிவு வெளியானது. நோய் கண்டறிந்த உடனேயே வலி நிவாரண சிகிச்சையும் (வலியோடு மற்ற உபாதைகளையும் மனவேதனையையும் தணிக்கும் சிகிச்சை) சேர்த்துப் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மாதம் கூடுதலாகவே வாழ்ந்தார்கள். உங்கள் கணவருக்கு அதே கணக்கு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வலியைக் குறைப்பது ஆயுளைக் குறைப்பதாகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூச்சுத்திணறலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, ரத்தசோகையோ சளித்தொற்றோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இவை இந்த நிலையிலும் சரிசெய்யக்கூடியவை. வலிக்குக் கொடுக்கும் அதே மார்ஃபின், குறைந்த அளவில் மூச்சு முட்டும் உணர்வையும் தணிக்கும். இரவில் அவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். முதுகுக்குத் தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார வைத்து, முன்னால் ஒரு ஸ்டூலில் தலையணை வைத்து அதன்மேல் கைகளை ஊன்றிக் குனிந்திருக்கச் சொல்லுங்கள். சிறிய மேசை விசிறி ஒன்றின் காற்று மூக்கிலும் கன்னத்திலும் படும்படி வையுங்கள்; எளிய உபாயம்தான், ஆனால் திணறல் குறைவதை நோயாளிகளே சொல்வார்கள். மூச்சு முட்டினால் பயம் வரும், பயந்தால் மூச்சு இன்னும் முட்டும். அந்த நேரத்தில் நீங்கள் பதறாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

பயம் என்றதும் நீங்கள் மறைத்து வைத்திருக்கும் நோயின் பெயர் நினைவுக்கு வருகிறது. கீமோ ஏற்றிக்கொண்ட ஒருவருக்குத் தன் நோய் தெரியாது என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலும் தெரிந்திருக்கும். உங்களுக்காக அவர் தெரியாததுபோல இருக்கிறார், அவருக்காக நீங்கள் சொல்லாமல் இருக்கிறீர்கள். இடையில் அவருடைய இரவுக்குத் துணை இல்லாமல் போகிறது. போட்டு உடைக்க வேண்டாம். “உடம்பைப் பத்தி என்னங்க நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அவ்வளவு தூரம் மட்டும் போகலாம். அதேபோல், சாவைப் பற்றி அவர் பேசும்போது “அப்படியெல்லாம் பேசாதீங்க” என்று வாயை அடைக்காமல், “இப்ப எது ரொம்பப் பாடுபடுத்துது? வலியா, மூச்சா, இல்ல மனசுல ஏதாவதா?” என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது.

மனத்தில் இருப்பது பெரும்பாலும் ‘சுமையாகிவிட்டோம்’ என்பதாக இருக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இறுதி நிலை நோயாளிகள் மருத்துவரிடம் மருந்து பெற்று உயிரை முடித்துக்கொள்ள 1997 முதல் சட்டம் இடம் தருகிறது. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் வலி பின்னால்தான் வருகிறது. தன் காரியத்தைத் தானே முடிவு செய்ய முடியவில்லை, பிடித்ததைச் செய்ய முடியவில்லை என்பவைதான் முன்னால் நிற்கின்றன. மருந்துச் சீட்டு பெற்றவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பயன்படுத்தாமலே இறக்கிறார்கள். உங்கள் கணவர் பல்லாண்டு காலம் ஒரு பேருந்து நிறைய மனிதர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டவர். இன்று சிறுநீர் கழிக்கவும் உங்கள் கை வேண்டியிருக்கிறது. எப்போது குளிப்பது, யார் வந்து பார்க்கலாம், கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதையெல்லாம் அவரையே முடிவு செய்ய விடுங்கள். குமுளி மலைப்பாதையில் ஓட்டியிருப்பாரானால், மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் எப்படி ஏற்றினார் என்று பேரப்பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லி, செல்போனில் பதிவு செய்யுங்கள். கண்ணாடியையும் தள்ளிப்போடாமல் வாங்கிக் கொடுங்கள்; எத்தனை நாள் போடப்போகிறார் என்ற கணக்கு வேண்டாம்.

இரவுப் பேச்சிலிருந்து வேறுபடுத்திப் பார்க்க வேண்டியவை இரண்டு. வலி தணிந்த பகல் வேளையில், தெளிவாக, “எனக்கு ஐ.சி.யூ. வேண்டாம், குழாய் போட வேண்டாம்” என்று சொன்னால், அது மதிக்க வேண்டிய முடிவு. ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை; ஆனால் செயற்கையாக உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. மற்றொன்று, காலையிலும் எதிலும் நாட்டமில்லாமல், பேரனைக்கூடப் பார்க்க மறுத்து, தன்னைத்தானே நொந்துகொண்டு, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பதுபோல் தெரிந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மார்ஃபினைப் பூட்டி வைத்து நீங்களே எடுத்துக் கொடுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணை அவருக்காகவும் உங்களுக்காகவும் எந்நேரமும் அழைக்கலாம்.

நீங்கள் பாவி இல்லை. அவர் படும் பாடு முடிய வேண்டும் என்றுதான் நீங்கள் நினைக்கிறீர்கள். தூக்கமில்லாத இரவில் அது வேறு வடிவத்தில் வருகிறது. இரவுகளை நீங்கள் ஒருவரே சுமப்பதை முதலில் நிறுத்த வேண்டும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி நிவாரண செவிலியரை அனுப்பச் சொல்லிப் பெயரைப் பதிவு செய்யுங்கள். செவிலியர் வரும் நாளில் நாத்தனாரையும் வீட்டில் இருக்கச் சொல்லி, மார்ஃபின் பற்றிய சந்தேகத்தை அவரே நேரில் கேட்கட்டும். பிறகு, வாரத்தில் இரண்டு இரவுகள் அண்ணனுக்கு அவரே காவலிருக்கட்டும்; நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.