வாழைப்பழக் கடை விலையை எழுதி வைத்து நடவு மாதத்தை முடிவு செய்யலாமா?

கேள்வி: திருச்சி மாவட்டம் தொட்டியம் பகுதியில் இரண்டு ஏக்கரில் பூவனும் ஒரு ஏக்கரில் ஏலக்கியும் பயிரிட்டுள்ளேன். மண்டியில் தார் விலை சரிந்த வாரத்திலும் நகரக் கடைகளில் பழ விலை இறங்குவதில்லை. கடை விலையைத் தொடர்ந்து குறித்து வந்தால், எந்த மாதத்தில் வெட்டு வருமாறு நடலாம் என்று முடிவு செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கடை விலைக்குப் பக்கத்திலேயே அதே நாளின் மண்டி விலையும் எழுதப்பட வேண்டும். வரத்து பெருகித் தார் விலை விழுந்தாலும், பழுக்க வைக்கும் செலவு, வாடகை, அழுகல் இழப்பு ஆகியவற்றைச் சொல்லிக் கடைக்காரர் விலையை மெதுவாகத்தான் இறக்குவார். ஏற்றும்போது அந்தத் தயக்கம் இருப்பதில்லை. ஆகவே கடை விலையை மட்டும் பார்ப்பவருக்கு ஆண்டு முழுவதும் நல்ல விலை இருப்பதாகவே தோன்றும்.

பெரும்பாலான குறிப்பேடுகள் கெடுவது அளவில்தான். மண்டியில் தார் கணக்கு, தள்ளுவண்டியில் சீப்புக் கணக்கு, பெட்டிக்கடையில் ஒரு பழத்தின் கணக்கு. சீப்பு 50 ரூபாய் என்று மூன்று மாதமாக எழுதியிருப்பீர்கள். அதற்குள் சீப்பு இளைத்திருக்கும், அதாவது விலை ஏறியிருக்கும், குறிப்பேட்டில் அது தெரியாது. எனவே எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றுங்கள். எடுத்துக்காட்டாக, 14 கிலோ தாரில் தண்டு ஒன்றரைக் கிலோ போனால் பழம் 12.5 கிலோ, தார் 280 ரூபாய்க்குப் போனால் கிலோவுக்கு 22 ரூபாய் 40 காசு. அன்று கடையில் கிலோ 50 ரூபாய் என்றால், அதில் மண்டி விலையின் பங்கு 45 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. கமிஷன், ஏற்றுகூலி, வண்டி வாடகை கழிந்தபின் உங்கள் கைக்கு வருவது இன்னும் குறையும். இந்திய ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுத் தாள், நுகர்வோர் வாழைப்பழத்துக்குத் தரும் 100 ரூபாயில் விவசாயிக்குச் சேருவது ஏறத்தாழ 31 ரூபாய் என்று மதிப்பிட்டது. மாம்பழத்தில் அது 43 ரூபாய்.

வாரத்தில் ஒரே கிழமை, அதே இரண்டு மூன்று கடைகள், காலை நேரம், ஒரே ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கருத்த பழத்துக்குச் சொல்லும் விலை கணக்கில் சேராது. தாரின் மேல் சீப்பும் கடைசிச் சீப்பும் ஒரே விலைக்கு விற்பதில்லை என்பதால், எதைக் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். உழவர் சந்தைப் பலகையில் தினமும் எழுதும் விலை, மொத்த விலைக்கும் வெளிக்கடை விலைக்கும் இடைப்பட்டதாக நிர்ணயிக்கப்படுவது. அதைக் கடை விலை என்று எடுக்காமல் தனிப் பத்தியில் எழுதுங்கள். மத்திய அரசின் வேளாண் சந்தை விலைத் தளமான அக்மார்க்நெட்டில் வரத்தோடு கிடைப்பவை மொத்த விலைகள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நாள்தோறும் சில்லறை விலை திரட்டும் பட்டியலில் 2024 ஆகஸ்டு முதல் வாழைப்பழமும் உண்டு. ஆனாலும் பூவனுக்கும் ஏலக்கிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு உங்கள் குறிப்பேடுதான் துணை.

ஆங்கில மாதத்தோடு தமிழ் மாதத்தையும் குறியுங்கள். முகூர்த்தம் நிறைந்த ஆவணி, தை மாதங்களையும் ஆயுதபூசை, பொங்கல், ஆடிப்பெருக்கு நாட்களையும் ஒட்டித்தான் பழத்தின் தேவை ஏறி இறங்குகிறது. சென்ற வாரத்தோடு ஒப்பிடுவதைவிடச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே பயன் தரும். பொதுவான விலைவாசி ஏற்றம் கண்ணை மறைக்காதிருக்க, ஒவ்வோர் ஆண்டின் சராசரி விலையையும் 100 என்று வைத்து, ஒவ்வொரு மாதமும் அதற்கு மேலா கீழா என்று பாருங்கள். மூன்று ஆண்டுகளும் ஒரு மாதம் 100ஐத் தாண்டி நின்றால் அதை நம்பலாம். ஓராண்டு மட்டும் தாண்டியிருந்தால், அது வேறொரு பகுதியில் புயலில் தோட்டம் சாய்ந்ததன் விளைவாகவும் இருக்கலாம்.

பூவன் நட்டு வெட்டுக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இன்றைய உச்ச விலையைப் பார்த்து நடுபவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல என்பதால், உங்கள் தார் மண்டிக்குப் போகும்போது ஊரெல்லாம் தார் நிற்கும். மேலும், குறிப்பேடு எந்த மாதத்தைக் காட்டினாலும், சித்திரை, வைகாசிச் சூறைக்காற்றில் குலை தாங்கிய மரங்கள் எத்தனை நிற்கும் என்பதையும் சேர்த்தே முடிவெடுங்கள். இப்போதைக்கு இரண்டு ஏக்கர் பூவனையும் ஒரே வாரத்தில் நடாமல், பாதியை ஒன்றரை மாதம் தள்ளி நடுங்கள். இரண்டு வெட்டுகளின் விலையையும் அதே ஏட்டில் தனித்தனியே எழுதுங்கள்.